கேள்வி – பதில்: கோதுமைக்குக் காட்டிலிருந்து வரும் சீதனம்

சென்ற இதழில், காட்டுப் புற்களோடும் பழைய நாட்டு ரகங்களோடும் கலப்புச் செய்து கோதுமை மணியின் தரத்தை உயர்த்தும் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் நிறைய வந்திருப்பதால் இம்மாதப் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் பயிரிட்டு வரும் கோதுமையில் எத்தனையோ ரகங்கள் இருக்கும்போது, தரத்தைத் தேடி மறுபடியும் காட்டுப் புல்லிடம் போக வேண்டிய தேவை என்ன? (பள்ளி ஆசிரியை, திருச்சி)

பதில்: ரகங்கள் ஏராளம் என்பது உண்மை, ஆனால் அவை அனைத்தின் பூர்வீகமும் மிகக் குறுகியது. இன்று ரொட்டிக்கும் சப்பாத்திக்கும் நாம் பயன்படுத்தும் கோதுமை எந்தக் காட்டிலும் தானாக வளர்ந்ததில்லை. எம்மர் என்னும் பழைய கோதுமையை உழவர்கள் பயிரிட்டு வந்த வயல்களில், காஸ்பியன் கடலின் தென்கரையை ஒட்டிய பகுதியில், ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன், ஏஜிலாப்ஸ் டௌஷி என்னும் களைப்புல் எம்மரோடு தற்செயலாகக் கலந்து பிறந்ததே அது. எம்மரின் 28 குரோமோசோம்களும் புல்லின் 14 குரோமோசோம்களும் ஒன்றுசேர்ந்ததால் நம் கோதுமைக்கு 42 குரோமோசோம்கள் அமைந்தன. எம்மர் வழியாக வந்த இரண்டு தொகுதிகளை ஏ, பி என்றும், புல்லின் வழியாக வந்ததை டி என்றும் ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட கலப்பு விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகளே நிகழ்ந்தது என்பதுதான் சிக்கலின் வேர். துருக்கியின் கிழக்கிலிருந்து சீனாவின் மேற்கு வரை பரந்து வளரும் அந்தப் புல்லின் மரபுச் செல்வத்தில் ஒரு சிறு பிடி மட்டுமே கோதுமைக்குள் வந்து சேர்ந்தது. ஏ, பி தொகுதிகளுக்கு எம்மர் வகைகளோடு பிற்காலத்தில் ஏற்பட்ட கலப்புகளால் புதுவரவு ஓரளவு கிடைத்துக்கொண்டே இருந்தது. டி தொகுதிக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அதன் பிறகு உழவரின் தேர்வும், இருபதாம் நூற்றாண்டில் விளைச்சலையும் குட்டைத் தண்டையும் நோக்கி நடந்த தேர்வும், இருந்ததையும் மேலும் வடிகட்டின. மணியில் எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்று அப்போது யாரும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

இதற்குக் கண்ட வழி, இயற்கை செய்த கலப்பை மனிதன் திரும்பச் செய்வது. 1940களில் அமெரிக்காவில் மெக்ஃபேடன், சியர்ஸ் என்னும் இருவர் எம்மரையும் ஏஜிலாப்ஸ் டௌஷியையும் கலந்து, பிறந்த மலட்டுச் செடியின் குரோமோசோம்களைக் கொல்ச்சிசின் என்னும் பொருளால் இரட்டிப்பாக்கி, புதிதாக ஒரு 42 குரோமோசோம் கோதுமையைப் படைத்துக் காட்டினார்கள். மெக்சிகோவில் உள்ள பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையமான சிமிட், 1980களிலிருந்து இவ்வகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட 'செயற்கைக் கோதுமை'களை உருவாக்கியிருக்கிறது. பெயரில் செயற்கை என்று இருந்தாலும், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு வயல் வரப்பில் நடந்ததையே அவை மறுபடியும் நடத்துகின்றன.

கேள்வி: நான் சிறிய பேக்கரி நடத்துகிறேன். ஒரே விலைக்கு வாங்கிய மைதாவில் ஒரு மூட்டை நன்றாக உப்புகிறது, மற்றொன்று தட்டையாகப் படுத்துவிடுகிறது. புரதம் கூடினால் தரம் கூடிவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: புரதத்தின் அளவு பாதிக் கதை, அதன் வகை மீதிக் கதை. மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது குளூட்டெனின், கிளையடின் என்னும் இரு புரதங்கள் பின்னிக்கொண்டு பசையம் உருவாகிறது. கிளையடின் மாவுக்கு இழுபடும் தன்மையைத் தருகிறது. நீண்ட சங்கிலிகளாகப் பிணையும் குளூட்டெனின், இழுத்ததை மீளவைக்கும் வலுவைத் தருகிறது. ஈஸ்ட் விடும் வாயுவை அடக்கிவைப்பது இந்த வலுதான். பிரிட்டனில் கேம்பிரிட்ஜில் இருந்த பயிர்ப்பெருக்க நிலையத்தில் பீட்டர் பெய்னும் அவருடைய குழுவினரும் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த ஆய்வுகள், மூன்று தொகுதிகளிலும் முதலாம் குரோமோசோமின் நீண்ட பாதியில் ('கை' என்பார்கள்) இருக்கும் சில குளூட்டெனின் மரபணுக்களே ரொட்டியின் உயரத்தைப் பெருமளவு தீர்மானிக்கின்றன என்று காட்டின. டி தொகுதியில் '5+10' என்று எண்ணிடப்பட்ட குளூட்டெனின் இணையைக் கொண்ட ரகம் வலுவான மாவைத் தருகிறது. அதே இடத்தில் '2+12' இணை இருந்தால் மாவு தளர்ந்துவிடுகிறது. புரதத்தின் அளவு சமமாக இருக்கும் இரண்டு மூட்டைகள் வேறுவிதமாக நடந்துகொள்ள இதுவும் ஒரு காரணம். சாதாரணக் கோதுமையில் காணப்படாத குளூட்டெனின் வகைகள் பல ஏஜிலாப்ஸ் டௌஷியில் உள்ளன. செயற்கைக் கோதுமையின் வழியாக அவற்றைக் கொண்டுவந்து சோதிக்கிறார்கள்.

ஆனால் வலுவே தரம் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. உங்கள் பன்னுக்கு ஏற்ற வலுவான மாவில் சப்பாத்தி இட்டால், தேய்க்கத் தேய்க்கச் சுருங்கி, ஆறியதும் தோலைப் போல் விறைத்துவிடும். பிஸ்கட்டுக்கு மென்மையான மணியும் தளர்ந்த பசையமும் வேண்டும். சேமியா, பாஸ்தா வகைகளுக்கு மிகக் கடினமான, மஞ்சள் நிறமுள்ள டியூரம் கோதுமை வேண்டும். ஆகவே எந்தப் பண்டத்துக்கு என்று சொல்லாமல் ஒரு கோதுமையைத் தரமானது என்பதில் பொருள் இல்லை.

பேக்கரி நடத்துபவர் என்பதால் ஒரு பழைய செய்தியையும் சொல்லிவைக்கிறேன். கனடாவின் புகழ்பெற்ற மார்க்விஸ் ரகத்தின் பெற்றோருள் ஒன்று ரெட் ஃபைஃப். மற்றொன்று ஹார்ட் ரெட் கல்கத்தா என்னும் இந்திய நாட்டுக் கோதுமை. ரொட்டித் தரம் முன்னதிலிருந்தும், சீக்கிரம் முதிரும் குணம் நம் கோதுமையிலிருந்தும் வந்தன. 1892இல் நடந்த அந்தக் கலப்பின் வழித்தோன்றல்களிலிருந்து நல்லதைப் பிரித்தெடுத்த சார்லஸ் சாண்டர்ஸ், ஒவ்வொரு செடியின் மணிகளையும் வாயிலிட்டு மென்று, பல்லிடுக்கில் திரளும் பசையத்தின் இழுவையை வைத்தே முதல் தேர்வை நடத்தினார். ஒரு செடியில் கிடைக்கும் சில மணிகளை அரைத்து ரொட்டி சுட முடியாதல்லவா?

கேள்வி: காட்டு எம்மரிலிருந்து புரதத்தைக் கூட்டும் மரபணு ஒன்று கிடைத்தது என்று குறிப்பில் ஒரு வரி மட்டும் எழுதியிருந்தீர்கள். அது எவ்வாறு வேலை செய்கிறது? (வேளாண் கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: ஒரு வரியில் முடித்தது போதாது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள், இதைச் சற்று விரிவாகவே சொல்லலாம். பயிர்க் கோதுமையின் மூதாதையான காட்டு எம்மரை, ஆரோன் ஆரோன்சோன் என்னும் தாவரவியலாளர் 1906இல், இன்றைய இஸ்ரேலின் வடபகுதியில் உள்ள ரோஷ் பினா என்னும் ஊரில், ஒரு பாறை இடுக்கில் வளர்ந்து நின்றபோது கண்டுபிடித்தார். பிற்காலத்தில் அந்த நாட்டின் பல இடங்களிலிருந்து காட்டு எம்மர் விதைகளைத் திரட்டியவர்கள், சிலவற்றின் மணிகளில் புரதம் வியக்கத்தக்க அளவில் இருப்பதை 1970களில் கவனித்தார்கள்.

அந்த இடத்திலேயே மகிழ்ந்துவிட முடியாது. காட்டுக் கோதுமையின் மணி ஒல்லியானது, சுருங்கியது. மாவுச்சத்து குறைவாக இருப்பதால் மட்டுமே அதன் புரத விழுக்காடு உயர்ந்து தோன்றும். அத்தகைய செடியைக் கலந்தால் வருவது புரதம் மிகுந்த மணியாக இராது, மாவு குறைந்த மணியாகவே இருக்கும். எனவே புரதத்தை உண்மையாகவே கூட்டும் பகுதி எது என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் இருந்த ஆய்வாளர்கள், லாங்டன் என்னும் டியூரம் ரகத்தின் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக நீக்கி, அவ்விடத்தில் காட்டு எம்மரின் அதே குரோமோசோமை வைத்து ஒரு வரிசைச் செடிகளை உருவாக்கினார்கள். அவற்றுள் 6பி, அதாவது பி தொகுதியின் ஆறாவது குரோமோசோம் மாற்றப்பட்ட செடியே புரதத்தில் முன்னே நின்றது.

அந்தக் குரோமோசோமில் இருந்த மரபணுவைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜார்ஜ் டுப்காவ்ஸ்கியின் குழுவும் அவர்களோடு இணைந்த இஸ்ரேலிய ஆய்வாளர்களும் இனங்கண்டு 2006இல் வெளியிட்டார்கள். அந்தப் பகுதிக்கு, 'மணியின் புரத அளவு' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக, ஜிபிசி-பி1 என்றும், அதில் உள்ள மரபணுவுக்கு நாம்-பி1 என்றும் பெயர். பெயரைப் பார்த்தால் அது புரதத்தை உற்பத்தி செய்யும் என்று தோன்றும்; உண்மையில் அது செய்வது இலையைச் சில நாள் முன்னதாகப் பழுக்கச் செய்வதே. கோதுமை மணியில் புரதமாகச் சேரும் நைட்ரஜனில் பெரும்பங்கு, கதிர் வருவதற்கு முன்பே இலையில் சேர்ந்திருந்தது. இலை முதிர்ந்து மஞ்சளாகும்போது அங்கே இருந்த புரதங்கள் சிதைந்து, நைட்ரஜன் கதிருக்கு நகர்கிறது. அதோடு இரும்பும் துத்தநாகமும் இடம்பெயர்கின்றன. வேலை செய்யும் நாம்-பி1 இருந்தால் இந்த இடமாற்றம் விரைவாகவும் முழுமையாகவும் நடக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்களின் செயலை ஆய்வகத்தில் அடக்கிப் பார்த்தபோது, இலை மூன்று வாரங்களுக்கு மேல் தாமதமாகப் பழுத்தது. மணியில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன.

பயிரிடப்படும் கோதுமையில் இந்த மரபணுவுக்கு என்ன ஆயிற்று? டியூரத்தில் மரபுக்குறியில் ஓரெழுத்து கூடுதலாகப் புகுந்து அதைச் செயலற்றதாக்கியிருந்தது. ரொட்டிக் கோதுமை ரகங்கள் பலவற்றில் அந்த மரபணுவே இல்லாமற் போயிருந்தது. இலை நெடுநாள் பச்சையாக நின்றால் மாவுச்சத்து கூடுதலாக நிரம்பும், மணி பருக்கும். உழவர் பருத்த மணியைத் தேர்ந்தெடுத்தபோது அவரறியாமலே இது கழிந்திருக்கலாம். சுவையான ஒரு பின்னிணைப்பும் உண்டு. லண்டனில் 1862இல் நடந்த பன்னாட்டுக் கண்காட்சிக்கு வந்து, பிறகு பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த பழைய விதைகளை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்தபோது, ரொட்டிக் கோதுமை சிலவற்றில் செயலுள்ள நாம்-பி1 உயிரோடு இருந்ததைக் கண்டார்கள். வட ஐரோப்பாவின் குறுகிய கோடையில் சீக்கிரம் முதிரும் பயிருக்கே அறுவடை உறுதி என்பதால் அங்கே அது தங்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆகவே காட்டுக்குப் போகாமல், கைவிடப்பட்ட நாட்டு ரகத்திலும் இத்தகைய செல்வம் கிடைக்கக்கூடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மரபணுவால் கூடும் புரதம் பெரும்பாலும் மணியின் எடையில் ஒரு விழுக்காட்டை ஒட்டிய அளவே. ஆலைக்காரருக்கு அது பெரிய வேறுபாடு, சாப்பிடுபவருக்குச் சிறியது. மேலும் பருவத்தின் பிற்பகுதியில் வெயில் ஏறும் இடங்களில் இலை இன்னும் முன்னதாகப் பழுத்தால் மணி சிறுத்துவிடும் ஆபத்தும் உண்டு. எல்லா வயலுக்கும் பொருந்தும் மருந்தாக இதை நான் கருதவில்லை.

கேள்வி: காட்டு இனத்திலிருந்து நல்ல குணம் மட்டுமே வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? (வாசகர், ஈரோடு)

பதில்: உத்தரவாதம் எதுவும் இல்லை. சீதனத்தோடு கடனும் சேர்ந்து வரும் கதைதான் இது. இந்தத் துறையில் ஆண்டுகள் விழுங்கப்படுவதும் இந்த இடத்தில்தான். குரோமோசோமில் ஒரு மரபணு தனியாக வந்து அமர்வதில்லை, அக்கம்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

தைனோபைரம் என்னும் உயரமான புல்லிலிருந்து பழுப்புத் துரு என்னும் பூஞ்சை நோயை எதிர்க்கும் எல்ஆர்19 மரபணுவைக் கோதுமைக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்புச் சிறப்பாக இருந்தது. ஆனால் அரைத்துப் பார்த்தால் மாவு மஞ்சளாக இருந்தது. வெள்ளை ரொட்டி விற்கும் சந்தையில் அது எடுபடவில்லை. கனடாவில் நாட் என்னும் ஆய்வாளர் வேதிப்பொருளால் திடீர் மாற்றங்களைத் தூண்டி, மஞ்சள் நிறம் மங்கி எதிர்ப்பு மட்டும் நிற்கும் செடியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதே மஞ்சள் நிறத்தைக் கண்டு டியூரம் ஆய்வாளர்கள் மகிழ்ந்தார்கள், ஏனென்றால் பாஸ்தாவுக்கு அந்த நிறமே வேண்டும்.

கோதுமையின் உறவினமான ரை தானியத்தின் கதை இன்னும் கசப்பானது. ரையின் ஒரு குரோமோசோம் கை, கோதுமையின் 1பி குரோமோசோமில் ஒட்டிக்கொண்ட ரகங்கள் துரு எதிர்ப்பாலும் விளைச்சலாலும் உலகெங்கும் பரவின. 1990களின் நடுவில் வெளியாகிப் பஞ்சாபின் வயல்களை நிறைத்த பிபிடபிள்யூ 343 அவற்றுள் ஒன்று. ஆனால் அந்தக் கை வந்தபோது கோதுமையின் சொந்தக் கை வெளியேறியது. அதில் இருந்த சில குளூட்டெனின் மரபணுக்களும் போயின. பதிலுக்கு வந்தது செக்காலின் என்னும் ரைப் புரதம். விளைவு, பிசுபிசுவென்று ஒட்டும் மாவு. செக்காலினை வெட்டி நீக்கி, போன குளூட்டெனினைத் திரும்பப் பொருத்தும் வேலையைக் கலிஃபோர்னியாவில் லுகாஷெவ்ஸ்கி என்பவர் குரோமோசோம் அளவில் பொறுமையாகச் செய்துகாட்டினார்.

கடனைக் கழிக்கும் பொதுவான முறை, கலப்பில் பிறந்த செடியை மீண்டும் மீண்டும் நல்ல ரகத்தோடு கலப்பது. ஒவ்வொரு சுற்றிலும் காட்டின் பங்கு சராசரியாகப் பாதியாகிறது: 50 விழுக்காடு, 25, 12.5, 6.25 என்று. தொலைவான உறவினங்களில் இதுவும் எளிதன்று. 5பி குரோமோசோமில் உள்ள பிஹெச்1 என்னும் மரபணு, அயல் குரோமோசோம் கோதுமையினதோடு இணைசேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்வதைத் தடுக்கிறது. சியர்ஸ் 1977இல் அந்த மரபணு இல்லாத செடியை உருவாக்கித் தந்தபின்பே அந்தக் கதவு சற்றுத் திறந்தது.

ஆய்வகத்தில் நடக்கும் ஒரு வேலையை அருகில் நின்று பார்த்தால் இதன் நுணுக்கம் விளங்கும். கலப்பில் விளைந்த ஒரே ஒரு மணியைக் குறுக்காக வெட்டுகிறார்கள். முளைக்கரு இல்லாத பாதியைப் பொடித்து, அதன் புரதங்களை மின்புலத்தில் ஒரு கூழ்மத் தகட்டில் ஓடவிட்டு, எந்தக் குளூட்டெனின் பட்டை தெரிகிறது என்று பார்க்கிறார்கள். வேண்டிய பட்டை தெரிந்தால், முளைக்கரு உள்ள மறுபாதியை விதைக்கிறார்கள். அதுவும் முளைத்துச் செடியாகிறது. சாண்டர்ஸ் மென்று பார்த்ததன் மறுபிறவி என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: துத்தநாகம் கூடிய கோதுமை என்று செய்தித்தாளில் படித்தேன். அந்த மாவில் சப்பாத்தி செய்தால் குழந்தைகளுக்கு உண்மையாகவே பலன் உண்டா? (இல்லத்தரசி, சென்னை)

பதில்: பலன் உண்டு, எவ்வளவு என்பது அரைக்கும் முறையையும் பொறுத்தது. முதலில் பின்னணி. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தில் 1843 முதல் தொடர்ந்து நடந்துவரும் பிராட்பாக் வயல் சோதனையின் பழைய மணிகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சோதித்ததில், மணியில் துத்தநாகம், இரும்பு, செம்பு, மெக்னீசியம் ஆகியவற்றின் அளவு 1960களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ மாறாமல் இருந்து, குட்டை ரகங்கள் வந்தபின் இறங்கியது தெரிந்தது. மண்ணில் இவை குறைந்துபோகவில்லை. விளைச்சல் பெருகியபோது ஒவ்வொரு மணிக்கும் கிடைத்த பங்கு நீர்த்துப்போயிற்று.

இதை ஈடுசெய்யக் காட்டு இனங்களும் பழைய இனங்களும் பயன்பட்டிருக்கின்றன. கர்னாலில் உள்ள இந்தியக் கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் வெளியிட்ட டபிள்யூபி 02 ரகத்தின் வம்சாவளியில் எம்மரும் ஏஜிலாப்ஸ் டௌஷியும் சேர்ந்த செயற்கைக் கோதுமை இருக்கிறது. வழக்கமான ரகங்களில் கிலோவுக்கு 32 மில்லிகிராம் அளவில் இருக்கும் துத்தநாகம் இதில் 42 மில்லிகிராம். பாகிஸ்தானில் வெளியான ஸிங்கால் 2016 ரகத்துக்குத் துத்தநாகம் வந்தது ஸ்பெல்ட் என்னும் பழைய கோதுமையின் கலப்பால். ஒருவர் நாளுக்கு 200 கிராம் முழுக்கோதுமை மாவு சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டால் டபிள்யூபி 02இல் கூடுதலாகக் கிடைப்பது 2 மில்லிகிராம். அதில் ஒரு பகுதியைத் தவிட்டில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் பிடித்துவைத்துக்கொள்ளும். எஞ்சியதே உடலில் சேரும். சிறிது என்றாலும், நாள்தோறும் சேர்வதால் கோதுமையையே முக்கிய உணவாகக் கொண்ட வட இந்தியக் குடும்பங்களுக்கு இது பொருட்படுத்தத்தக்கது. வாரத்தில் இரண்டு நாள் சப்பாத்தி செய்யும் வீட்டில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

முக்கியமான செய்தி ஒன்று: இந்தத் தாதுக்கள் மணியின் வெளியுறையிலும் முளைக்கருவிலும்தான் செறிந்திருக்கின்றன. மைதாவாக அரைத்தால் பெரும்பகுதி தவிட்டோடு மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும்.

கேள்வி: சம்பா கோதுமையில் பசையம் இல்லை என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உண்மையன்று. சம்பா கோதுமை, மராட்டியத்தில் கப்ளி எனப்படும் எம்மர் இனம். அதில் டி தொகுதி இல்லாததால் பசையம் தளர்ந்திருக்கும். ரவைக்கும் கஞ்சிக்கும் அது மிக நன்று. ஆனால் பசையம் இருக்கவே இருக்கிறது. பசையத்தை உடல் ஏற்காத சீலியாக் நோய் உள்ளவர்கள் சம்பா கோதுமை உட்பட எந்தக் கோதுமையையும் உண்ணக் கூடாது. இதில் கடைக்காரர் சொல்லைக் கேட்காமல் மருத்துவர் சொல்லைக் கேளுங்கள்.

கேள்வி: இணையத்தில் கறுப்புக் கோதுமை அதிக விலைக்கு விற்கப்படுகிறது. அது சாயமா, மரபணு மாற்றமா? (வாசகி, சேலம்)

பதில்: இரண்டும் இல்லை. எத்தியோப்பியாவின் நாட்டு டியூரம் வகைகளில் மணியின் மேலுறை ஊதாவாக இருக்கும். தைனோபைரம் புல்லிலிருந்து வந்த மரபணு, அடுத்த அடுக்கை நீலமாக்கும். இரண்டையும் ஒரே செடியில் சேர்த்தால் மணி கறுப்பாகத் தெரிகிறது. நாவல் பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமியே காரணம். மொகாலியில் உள்ள தேசிய வேளாண் உணவு உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய ரகங்களை வழக்கமான கலப்பினாலேயே உருவாக்கியது. நிறமி தவிட்டில் இருப்பதால் முழுமாவாகச் சாப்பிட்டால்தான் அது கிடைக்கும். சர்க்கரை நோயும் புற்றுநோயும் தீரும் என்று விளம்பரத்தில் வருவதற்கு ஆதாரம் இல்லை. அந்த விலையைக் கொடுப்பதற்குப் பதில் ஒரு கிலோ நாவல் பழம் வாங்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: கோதுமையே அதிகம் விளையாத நீலகிரியில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருப்பது ஏன்? (வாசகர், குன்னூர்)

பதில்: நோய் அங்கே ஆண்டு முழுவதும் வாழ்கிறது என்பதற்காகத்தான். சமவெளியில் கோடை வெப்பத்தில் அழிந்துவிடும் துருப் பூஞ்சைகள், நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் தங்கிப் பிழைக்கின்றன. அங்கிருந்து காற்றில் பரவி வயல்களை அடைகின்றன என்பதைத் தாவர நோயியலாளர் கே. சி. மேத்தா தம் ஆய்வுகளால் நிறுவினார். கறுப்பு, பழுப்பு, மஞ்சள் என்னும் மூவகைத் துருவும் இயற்கையாகவே தாக்கும் இடம் என்பதால், வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில், அயல் இனங்களிலிருந்து வந்த எதிர்ப்பு மரபணுக்களை இந்திய ரகங்களில் ஏற்றிச் சோதிக்கிறார்கள். துரு தாக்கிய கதிரில் மணி சுருங்கிப்போவதால் இதுவும் மணியின் தரத்தோடு நேரடியாகத் தொடர்புடைய வேலையே. குட்டையான சம்பா கோதுமை ரகமான ஹெச்டபிள்யூ 1098 அந்த நிலையத்திலிருந்து வந்தது.

கேள்வி: தரம் என்றால் புரதமும் தாதுவும் மட்டுந்தானா? மாவுச்சத்தில் மாற்றம் செய்ய முடியாதா? (ஆராய்ச்சி மாணவி, கோவை)

பதில்: செய்திருக்கிறார்கள், அதுவும் காட்டுக்குப் போகாமல், நாட்டு ரகங்களைக் கொண்டே. சாதாரணக் கோதுமை மாவுச்சத்தில் அமைலோஸ் என்னும் பகுதி கால் பங்கு அளவில் இருக்கும். அதை உண்டாக்கும் மரபணு ஏ, பி, டி தொகுதி ஒவ்வொன்றிலும் ஒரு படியாக இருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் வேலையைச் செய்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் புரதப் பட்டைகளைப் பார்த்துச் சலித்து, இரண்டு படிகள் பழுதான கான்டோ 107 என்னும் ஜப்பானிய ரகத்தையும், மூன்றாவது படி மட்டும் பழுதான பாய் ஹுவோ என்னும் சீன ரகத்தையும் கண்டெடுத்துக் கலந்தார்கள். 1995இல் அவர்கள் அறிவித்த வழித்தோன்றலில் மூன்றும் பழுதாகி, அமைலோஸ் ஏறக்குறைய இல்லாத கோதுமை பிறந்தது. ஊடோன் நூடுல்ஸின் மென்மைக்கு அமைலோஸ் சற்றுக் குறைந்திருப்பது நல்லது என்பதே அவர்களை இந்தத் தேடலில் இறக்கியது. வேறொரு மரபணுவின் மூன்று பழுதான படிகளைக் கொரிய, ஜப்பானிய, துருக்கிய ரகங்களிலிருந்து திரட்டி, அமைலோஸ் கூடிய கோதுமையையும் இதே முறையில் படைத்திருக்கிறார்கள். அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி குடலில் எளிதாகச் செரிக்காமல் நார்ச்சத்தைப் போல் நடந்துகொள்ளும்.

கேள்வி: இவ்வளவு நல்ல ரகங்கள் இருந்தும் உழவர் அவற்றை ஏன் பெருமளவில் பயிரிடவில்லை? (விவசாயி, ஓசூர்)

பதில்: தரத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அரசு கோதுமையைக் கொள்முதல் செய்யும்போது ஈரப்பதம், தூசி, உடைந்த மணி, சுருங்கிய மணி ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். புரதத்தையும் துத்தநாகத்தையும் யாரும் அளப்பதில்லை. 2025–26 கொள்முதல் பருவத்தில் குவிண்டாலுக்கு 2,425 ரூபாய் என்றபோது எல்லாக் கோதுமைக்கும் அதே 2,425 ரூபாய்தான் கிடைத்தது. புரதம் கூடினால் விளைச்சல் சற்றுக் குறைவது கோதுமையில் பொதுவான போக்கு. குறையும் மூட்டைக்கு ஈடாக எதுவும் கிடைக்காதபோது உழவர் விளைச்சலையே பார்ப்பார், அதில் குறை சொல்ல இடமில்லை. வெளிச்சந்தையில் நிலைமை சற்று வேறு. 1960களில் வந்த சி 306 என்னும் உயரமான பழைய ரகம் சப்பாத்திச் சுவைக்காக இன்றும் கூடுதல் விலைக்குப் போகிறது.

கனடாவில் புரத அளவுக்கு ஏற்ப விலை கூடும். அங்கே காட்டு எம்மரின் ஜிபிசி-பி1 பகுதியைக் கொண்ட லிலியன் என்னும் ரகம், சில ஆண்டுகள் மேற்குப் பகுதியில் மிக அதிகப் பரப்பில் பயிரிடப்பட்ட ரகங்களுள் ஒன்றாக இருந்தது. ஆனால் உழவர்கள் அதை நாடியதற்குப் புரதம் மட்டும் காரணமன்று: தண்டைத் துளைத்துச் சாய்க்கும் ஒருவகைக் குளவியின் புழு அங்கே பெருந்தொல்லை, லிலியனின் தண்டு உள்ளே மென்சதை நிறைந்து ஏறக்குறையக் கெட்டியாக இருப்பதால் புழுவால் எளிதில் துளைக்க முடியவில்லை. உழவர் தண்டுக்காக வாங்கிய விதையோடு காட்டின் மரபணுவும் வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் நாட்டிலும் துத்தநாக ரகங்களை விளைச்சலில் பின்தங்காமலும் துருவைத் தாங்கும்படியும் அமைத்துத் தருவதிலேயே ஆய்வாளர்கள் இப்போது கருத்தாக இருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கத்தில் பயிரிட எண்ணமிருந்தால் குளிர்காலம் குறுகியது என்பதை மனத்தில் கொண்டு, முதலில் கால் ஏக்கரில் மட்டும் விதைத்துப் பாருங்கள். உங்கள் பகுதிக்குப் பரிந்துரைக்கப்பட்ட ரகம் எது என்று வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு விதை வாங்குவது நல்லது.